அழும் குழந்தையைத் தனியே நிறுத்தாதீர்கள்: பள்ளித் தாளாளருக்கு ஓர் அப்பாயியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியை அவர்களுக்கும்,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை காலை எல்.கே.ஜி. வகுப்பில் அழுத என் பேத்தியை வராந்தாவில் தனியாக நிறுத்தியது உங்கள் இருவருக்கும் தெரியும். மறுநாள் நானும் என் மருமகளும் உங்கள் அறைக்கு வந்து பேசியதும் நினைவிருக்கும். ஆகையால் அதையெல்லாம் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அன்று எங்களை உட்காரவைத்து, மரியாதையாகவே பேசினீர்கள், அதற்கு நன்றி. ஆனால் முடிவில் நீங்கள் சொன்ன பதில் இது: "குழந்தையை யாரும் அடிக்கவில்லையே அம்மா, அழுகை நிற்கிறவரைக்கும் வராந்தாவில் நிற்கச் சொன்னோம், அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' நான்கு நாளாக என் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் இதை மற்றப் பெற்றோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ ஆசிரியையின் பெயரையோ எங்கும் குறிப்பிடவில்லை. யாரையும் தலைகுனிய வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை; என் பேத்தி அந்தப் பள்ளியில்தான் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நான் கேட்பது ஒன்றுதான். அழுகிற குழந்தையை வகுப்புக்கு வெளியே தனியாக நிறுத்தாதீர்கள். அழுகை அடங்கும்வரை பெரியவர் ஒருவர் அதன் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த வியாழக்கிழமை இரவு என்ன நடந்தது என்பதை உங்கள் அறையில் என்னால் சொல்ல முடியவில்லை. என் மருமகள் பக்கத்தில் இருந்தாள், அவள் மனம் உடைந்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன். இரவு இரண்டு மணி இருக்கும். பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையைக் காணாமல் எழுந்து விளக்கைப் போட்டேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். சுட்டுவிரல் உதட்டின்மேல் இருந்தது. கண்ணீர் வழிந்து கவுனின் கழுத்துப்பட்டி முழுவதும் நனைந்திருந்தது. ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. "என்னடி தங்கம்" என்று குனிந்தேன். விரலை எடுக்காமலேயே, "அழுது முடிச்சிட்டு வரேன் அப்பாயி" என்றாள்.

நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆன பிள்ளை அவள். அழ வேண்டுமென்றால் எல்லாரையும் விட்டு விலகிப் போய், சத்தம் வராமல் அழுது முடித்துவிட்டுத்தான் மனிதர்களிடம் திரும்பி வர வேண்டும் என்பதை ஒரே நாளில் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஆனா, ஆவன்னாகூட அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் வரவில்லை.

அவள் எதற்காக அழுதாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவள் அப்பா விடுப்பு முடிந்து சவுதிக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது. போன முதல் வாரம் காய்ச்சல் வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு வேறு ஒன்றுமில்லை என்றார்; எங்கள் பக்கத்தில் அதை ஏக்கக் காய்ச்சல் என்போம். அப்பாவின் கைக்குட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதை முகர்ந்துகொண்டே தூங்கினாள். பள்ளிக்கும் அதைப் பையில் வைத்து எடுத்து வந்தாள். வகுப்பில் வேறு பொருள் வைத்திருக்கக் கூடாது என்று ஆசிரியை அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். விதி என்றால் விதிதான், அதில் நான் குறை காணவில்லை. ஆனால் அதற்காக அவள் அழுதபோது, ஏன் என்று கேட்க ஒருவர்கூட அங்கே இல்லை என்பதுதான் என் வருத்தம். நம் தாலாட்டுகள் பலவும், அத்தை அடித்தாளா, மாமன் அடித்தானா, யார் அடித்து நீ அழுகிறாய் என்று கேட்டபடியேதான் தொட்டிலை ஆட்டுகின்றன. பதில் சொல்லத் தெரியாத கைக்குழந்தையிடமே காரணம் கேட்டு வளர்த்த மக்கள் நாம். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் கேட்காமல் கதவைச் சாத்தலாமா?

"பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டாள், பிறகு ஒரு தொந்தரவும் இல்லை" என்றும் அன்று சொன்னீர்கள். அதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 1950-களில் லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரும், அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவரும், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சிறு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். அந்தக் காலத்தில் பெற்றோரை உள்ளே அதிகம் விடமாட்டார்கள். குழந்தை முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்யும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். பிறகு எதுவும் நடக்காததுபோல் அமைதியாகிவிடும். குழந்தை பழகிவிட்டது என்று ஊழியர்கள் மகிழ்ந்த அந்த அமைதி, அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று குழந்தை கைவிட்டுவிட்ட நிலை என்பதை இவர்கள் இருவரும் எடுத்துக்காட்டினார்கள். முதலில் மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் 1959-இல் அந்நாட்டு அரசு அமைத்த குழு, பெற்றோர் எந்நேரமும் பிள்ளையைப் பார்க்க வரலாம் என்று பரிந்துரைத்தது. அறுபது ஆண்டுக்கு முன்பே ஒரு நாடு புரிந்துகொண்ட செய்தி இது. அடங்கிப்போன பிள்ளையெல்லாம் ஆறுதல் அடைந்த பிள்ளை என்று இன்னும் நாம் எண்ணிக்கொண்டிருக்கலாமா?

நான் படித்துவிட்டு மட்டும் பேசவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். முப்பது ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்றும் என்னை பால்வாடி டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மையத்தில் ஒரு பையன் இருந்தான். கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையைக் கடித்துவிடுவான். தொடக்கத்தில் நானும் அதட்டினேன், மூலையில் உட்காரவைத்தேன், போலீஸ் மாமாவிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். அவன் கடிப்பது கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் எனக்கே காய்ச்சலும் உடம்பில் அசதியும். அதட்டத் தெம்பில்லாமல், அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். முதலில் உதைத்தான், திமிறினான். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்து என்மேல் சாய்ந்து விசும்பினான். "உன் லாரியை அவன் பிடுங்கிட்டான், அதான் உனக்குக் கோபம் கோபமா வந்துது, இல்லையா?" என்றேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். தனக்குள் நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது இன்னொருவருக்கும் தெரிகிறது என்று அறிந்த பார்வை அது. அதன் பிறகுதான், "கோபம் வரலாம், கடிக்கக் கூடாது, அவனுக்கு வலிக்கும்" என்று சொன்னேன். அன்றைக்கு அது அவன் காதில் ஏறியது.

அதற்குப் பிறகு தென்னங்கீற்றில் காற்றாடி செய்து சன்னலில் செருகி வைத்திருப்பேன். கோபமோ அழுகையோ அடங்கத் தொடங்கும் நேரத்தில் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால், சுற்றவைக்க நீளமாக ஊதும். நாலு முறை ஊதினால் மூச்சு சீராகிவிடும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. அந்தப் பையனுக்குக் கடிக்கும் பழக்கம் விட ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. ஒரே நாளில் மாறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

இதைச் சலுகை என்றும் செல்லம் என்றும் சிலர் சொல்கிறார்கள். "அடியாத மாடு படியாது", "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழிகளை உங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டிருக்கிறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்ற பழமொழியும் நம்முடையதுதானே. நான்கு வயதுப் பிள்ளை வேண்டுமென்று அழுவதில்லை. உணர்ச்சி பொங்கும்போது நிதானித்து யோசிக்கவைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டியும் ஆகிறது. அதுவரை பிள்ளை பெரியவரின் நிதானத்தை இரவல் வாங்கித்தான் அடங்க வேண்டும். இரவல் கொடுக்க ஆளே இல்லாத வராந்தாவில் அது எதைப் பற்றிக்கொள்ளும்?

நேரம் இல்லை என்று சொன்னீர்கள். அதையும் எண்ணிப் பார்த்தேன். 2003-இல் மைக்கேல் பொட்டெகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் அடத்தையும் அழுகையையும் பெற்றோர் எழுதித் தந்த குறிப்புகளிலிருந்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றில் முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. கோபம் சட்டென்று உச்சிக்கு ஏறி இறங்கிவிடுகிறது. அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கும் துயரமும், ஆறுதல் தேடுகிற மனமும்தான் கடைசிவரை நிற்கின்றன. நீங்கள் வெளியே நிறுத்துகிற நேரம் பிள்ளை ஆறுதல் தேடுகிற நேரம். நான் உங்களிடம் கேட்பது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

ஆசிரியையை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமாகாது. அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஓர் ஆசிரியை, ஓர் ஆயா அம்மா, அவரும் இரண்டு வகுப்புகளுக்குப் பொது. 2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கையை ஒட்டிய நெறிமுறை, மூன்று முதல் ஆறு வயதுவரை இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்கிறது. ஒருத்தி அழுதால் மற்ற நாற்பத்தொரு பேரை யார் பார்ப்பது என்று அந்த ஆசிரியை என்னிடம் கண் கலங்கக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஸ்மார்ட் வகுப்புத் திரைக்கும் ஆண்டு விழா மேடைக்கும் கட்டணம் வசூலிக்கும்போது, இன்னோர் ஆயா அம்மாவின் சம்பளம் மட்டும் பெருஞ்செலவாகத் தெரிவது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது. அந்த வகுப்புச் சுவரில் மகிழ்ச்சி, கோபம், வருத்தம் என்று முகங்கள் வரைந்த அட்டை ஒன்று தொங்குகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறார்கள். அதே வகுப்பில் அழாத பிள்ளைகளுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். தயவுசெய்து அந்த நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். அழுகையில் தோற்றவள் என்று நான்கு வயதில் ஒரு பிள்ளைக்குப் பட்டம் வேண்டாம்.

அரசையும் இங்கே ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றாலே ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்தான். தன் வலியைச் சொல்லக்கூடத் தெரியாத மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்கள், என் பேத்தி வராந்தாவில் நின்றதைப் போல. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் எல்லா வயதுக் குழந்தைக்கும் பொருந்தும் பிரிவு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது கொடுமை நடந்த பிறகு காவல் நிலையத்தில் எடுக்க வேண்டிய ஆயுதம். எனக்கு வழக்கு வேண்டாம். மழலையர் வகுப்பு நடத்தும் எல்லாப் பள்ளிகளுக்கும், அழும் குழந்தையைத் தனிமைப்படுத்தக் கூடாது என்று தெளிவான விதியும், அதைக் கையாள ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் வேண்டும்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளியில் நல்லதும் நடப்பதை நான் அறிவேன். அன்று வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா அம்மா, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என் பேத்தியின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அவள் சொன்ன ஒரே நல்ல செய்தி அது. அவரைக் கண்டிக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் பள்ளி செய்ய வேண்டியதை அவர்தான் செய்தார்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அழுகிற குழந்தையை வெளியே தனியாக நிறுத்தாதீர்கள். வகுப்பின் ஓர் ஓரத்தில் ஒரு பாய், ஒரு தலையணை, பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் போதும். ஆள் இல்லை என்றால், நான் வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் காலையில் இரண்டு மணி நேரம் வந்து அந்தப் பாயில் உட்கார்ந்துகொள்கிறேன், சம்பளம் வேண்டாம். எந்தப் பிள்ளை அழுதாலும் என்னிடம் அனுப்புங்கள். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இந்த ஊரில் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

வருகிற திங்கட்கிழமை பேத்தியை நானே அழைத்து வருகிறேன். அவள் பையின் சின்ன அறையில் அந்தக் கைக்குட்டை மடித்து வைத்திருக்கும். வெளியே எடுக்க மாட்டாள், தொட்டுப் பார்த்துக்கொள்வாள் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். அதை மட்டும் வாங்கிவிடாமல் இருக்க ஆசிரியையிடம் சொல்லிவைக்குமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
எல்.கே.ஜி. மாணவி ஒருத்தியின் அப்பாயி