பெனின்: பாதிக் கதைதான் வந்திருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் ராணுவக் கவிழ்ப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், கினி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 2025 டிசம்பர் 7 அன்று பெனினில் நடந்து தோற்றுப்போன முயற்சியையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார் கட்டுரையாளர். சிப்பாய்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றி ஆட்சியைப் பிடித்துவிட்டதாக அறிவித்தது, அதை முறியடிக்க நைஜீரியப் போர் விமானங்கள் வந்தது எல்லாம் சரி. அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருடம் எங்கே போயிற்று? அதை விட்டுவிட்டால் ‘அந்தப் பக்கம் எப்போதுமே இப்படித்தான்’ என்ற எண்ணம்தான் படிப்பவருக்கு மிஞ்சும்.

1960 ஆகஸ்ட் 1 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றபோது நாட்டின் பெயர் டஹோமி. அடுத்த பன்னிரண்டு வருடங்களில் அங்கே ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பஞ்சமே இல்லை. 1963, 1965, 1967, 1969, 1972. நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1970இல் தேர்தல் குளறுபடியில் முடிய, வடக்கின் மாகா, அபோமே பக்கத்து அஹொமடெக்பே, போர்ட்டோ நோவோவின் அபிதி என்று மூன்று தலைவர்களும் ஆளுக்கு இரண்டு வருடம் அதிபர் நாற்காலியில் உட்காருவதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கிணற்றுத் தண்ணீருக்குப் பங்காளிகள் முறை வைப்பார்களே, அதே ஏற்பாடு. 1972 மே மாதம் மாகா சொன்னபடி அஹொமடெக்பேயிடம் பொறுப்பைக் கொடுக்கவும் செய்தார். ஆனால் அக்டோபரில் மேஜர் மாத்தியூ கெரெகூ படையோடு வந்துவிட்டார். பாவம், அபிதியின் முறை வரவே இல்லை.

கெரெகூ 1974இல் மார்க்சிய லெனினியத்தை அரசின் கொள்கையாக அறிவித்தார். 1975இல் நாட்டுக்குப் பெனின் என்று பெயர் மாற்றினார். ஒரே கட்சி, ஒரே குரல். 1989 வாக்கில் வங்கிகள் திவாலாகி, அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் நின்று, ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்த பிறகு அவருக்கு வேறு வழி இல்லை. 1990 பிப்ரவரி 19 முதல் 28 வரை கோட்டோனூவில் ஒரு ஓட்டலில் தேசிய மாநாடு கூடியது. கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத இந்த மாநாடுதான் என்னைப் பொறுத்தவரை அந்த நாட்டு வரலாற்றின் மையம். விவசாயிகள், தொழிற்சங்கத்தினர், மதத் தலைவர்கள், பழைய அதிபர்கள் என்று சுமார் 500 பேர். தலைமை வகித்தவர் கத்தோலிக்க ஆயர் இசிதோர் தெ சூசா. யோசனை கேட்கத்தான் கூப்பிட்டார்கள்; வந்தவர்களோ ‘இனி முடிவெடுக்கும் அதிகாரம் எங்களுக்கே’ என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். உலக வங்கியில் வேலை பார்த்திருந்த நிசெஃபோர் சோக்லோவைப் பிரதமராக்கினார்கள். கெரெகூ படையைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை, ஒப்புக்கொண்டார். 1991 தேர்தலில் சோக்லோவிடம் தோற்றார், இறங்கிப் போனார். 1996இல் மக்கள் ஓட்டுப்போட்டுத்தான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

1990 டிசம்பரில் வந்த அரசியல் சட்டமும் லேசுப்பட்டதல்ல. அதிபருக்கு ஐந்து வருடம், அதிகபட்சம் இரண்டு முறை, வேட்பாளர் வயது 40க்கும் 70க்கும் இடையில். எந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தோன்றினாலும் சாதாரணக் குடிமகனே நேராக அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போகலாம். 2006 தேர்தல் வந்தபோது கெரெகூவுக்கு 72 வயது, சோக்லோவுக்கு 71. இருவருமே நிற்க முடியவில்லை. எந்தக் கட்சியையும் சேராத யாயி போனி ஜெயித்தார்.

இனிதான் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டிய பகுதி. 2016இல் பருத்தி வியாபாரத்தில் கோடிகள் சம்பாதித்த பத்ரிஸ் தலோன், ஒரே தவணைதான் இருப்பேன் என்று சொல்லி அதிபரானார். துப்பாக்கி எதையும் தூக்கவில்லை. தேர்தல் சட்டத்தைத்தான் கையில் எடுத்தார். 2018இல் வந்த புதிய விதிப்படி நாடாளுமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை அந்நாட்டு நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கில் 83 லட்சத்திலிருந்து 24.9 கோடிக்கு ஏறியது. நாடு முழுக்க 10 சதவீத வாக்கு வாங்காத கட்சிக்கு இடமே கிடையாது. 2019 தேர்தலில் நிற்க முடிந்தவை இரண்டே கட்சிகள். இரண்டும் அவருடையவை! வாக்குப்பதிவு நாளில் இணையத்தையும் துண்டித்தார்கள். அப்புறம் அதிபர் வேட்பாளருக்கு எம்.பி.க்கள், மேயர்களின் முன்மொழிவுக் கையெழுத்து கட்டாயம் என்று அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அந்த எம்.பி.க்கள் யார் ஆட்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2021இல் எதிர்க்கட்சியின் ரெக்யா மடூகூவுக்குப் போதிய கையெழுத்து கிடைக்கவில்லை. அந்த மார்ச்சிலேயே கைது. டிசம்பரில் 20 வருடச் சிறை. தலோன் 86 சதவீத வாக்கோடு இரண்டாம் தவணைக்கு வந்தார்.

அடுத்த அதிபர் தேர்தலுக்கு வேட்புமனு போட 2025இல் தேவைப்பட்டது 28 கையெழுத்து. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சியான ஜனநாயகவாதிகள் கட்சிக்குக் கிடைத்த எம்.பி.க்கள் சரியாக 28 பேர். அதில் ஒருவர் பின்வாங்க, 27 ஆயிற்று; வேட்புமனு தள்ளுபடி. அடுத்த மாதம் அதிபரின் தவணை ஐந்திலிருந்து ஏழு வருடமாக நீட்டப்பட்டது. அதற்கடுத்த மாதம்தான் சிப்பாய்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்தார்கள்.

இதைச் சொல்வதால் சிப்பாய்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். தலோன் மூன்றாம் தவணைக்கு நிற்க மாட்டேன் என்று சொன்னதைக் காப்பாற்றினார், சாலைகளும் துறைமுகமும் மேம்பட்டன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ராணுவம் ஆட்சியைப் பிடித்த தேதிகளை மட்டும் கணக்கெடுத்தால், சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டே எதிர்க்கட்சியை ஓரங்கட்டிய வருடங்கள் கணக்கில் வராமலே போய்விடும். 1990 மாநாடு, 2018 தேர்தல் சட்டம் இரண்டையும் வைத்து இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லலாமே.

ஒரு திருத்தமும் உண்டு. கட்டுரையுடன் வந்த வரைபடத்தில் தலைநகர் கோட்டோனூ என்று போட்டிருக்கிறீர்கள். அரசாங்கம் நடப்பது அங்கேதான் என்றாலும், சட்டப்படி தலைநகர் போர்ட்டோ நோவோ.

இப்படிக்கு,
கோ. செல்வராசு,
விருத்தாசலம்.