அமெரிக்க செனட்டுக்கு: தவணை போதும், வாக்கெடுப்பு வையுங்கள்

செனட்டர்களுக்கு வணக்கம்.

ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இரவு டியூட்டி பார்க்கிறவன் நான். உங்களுக்கு ஓட்டும் போடுகிறவன். இணையத் தாக்குதல் பற்றிய தகவலை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சட்டத்தை நீட்டிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதியதற்கு அச்சடித்த நன்றிக் கடிதம்தான் வந்தது, அதனால் இதைத் தமிழிலேயே எழுதி ஆற்றிக்கொள்கிறேன்.

2025 அக்டோபரில் எங்கள் ஊழியர்களுக்குச் சம்பளச் சீட்டு என்று ஒரு போலி மெயில் வந்தது. அதிலிருந்த முகவரியில் 'எம்' வரவேண்டிய இடத்தில் சின்ன 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள், அவசரத்தில் பார்த்தால் எம் மாதிரியே இருக்கும். செப்டம்பராக இருந்தால் பத்து நிமிடத்தில் மற்ற மருத்துவமனைகளுக்கும் அரசுக்கும் அதை அனுப்பியிருப்போம். இந்த முறை சட்டப்பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். கேட்டோம். பதில் வர நான்கு நாள்.

காரணம் நீங்கள்தான். 2015 டிசம்பரில் வந்த இணையப் பாதுகாப்புத் தகவல் பகிர்வுச் சட்டத்தை 2025 செப்டம்பர் 30 அன்று காலாவதியாக விட்டுவிட்டீர்கள். அது யாரையும் பகிரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. விதிப்படி பகிர்ந்தால் வழக்கு வராது, போட்டி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்ததாகப் பழியும் வராது என்ற தைரியத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். நவம்பர் 12 அன்று அரசு முடக்கத்தை முடித்த செலவு மசோதாவில் இதையும் சேர்த்து 2026 ஜனவரி 30 வரை உயிர் கொடுத்தீர்கள். சரி, அப்புறம்?

செனட்டர்கள் பீட்டர்ஸும் ரவுண்ட்ஸும், ஆளுக்கொரு கட்சி, பத்து ஆண்டு நீட்டிப்புக்கு மசோதா கொண்டுவந்து மாதக்கணக்காகிறது. செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுத் தலைவர் ராண்ட் பால் மறிக்கிறார். அவருடைய கோபம் சிஸா என்ற அரசின் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் மேல், மக்களின் பேச்சுரிமையில் அது கைவைத்தது என்று. இந்தச் சட்டத்தையும் சிஸா என்றுதான் சுருக்குகிறோம், ஆனால் அந்த நிறுவனம் பிறந்ததே 2018இல். வித்தியாசம் அவருக்குத் தெரியாமலில்லை, அங்கே உள்ள கணக்கை இங்கே தீர்க்கிறார்.

தனியுரிமை பற்றி 2015இல் செனட்டர் வைடன் கேட்ட கேள்விகளை நான் தள்ளவில்லை. தாக்குதலுக்குச் சம்பந்தமில்லாத தனிநபர் விவரம் தெரிந்தால் நீக்கிவிட்டே அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். போதாதா, இன்னும் இறுக்குங்கள். ஆனால் அதை அவையில் பேசி, ஓட்டுப் போட்டுச் செய்யுங்கள்.

ஜனவரி 30 வெள்ளிக்கிழமை. அன்று இரவும் எனக்கு டியூட்டி, சட்டப்பிரிவு திங்கட்கிழமைதான் வரும்.