செயலி நம்ம பேரில் இருக்கட்டும்: வேலூர் ஆட்டோ சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி ஆட்டோ ஓட்டுநர் சங்கத் தலைவர்களுக்கும் ஸ்டாண்டு அண்ணன்களுக்கும் வணக்கம்.

செயலிக் கம்பெனிகளைக் கண்டித்து கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறோம். வெளியே வந்ததும் அதே செயலியைத் திறந்து அடுத்த சவாரி தேடுகிறோம். தப்பில்லை, வண்டி டியூ கட்டணுமே. ஆனால் அந்தச் செயலி ஏன் நம்முடையதாக இருக்கக்கூடாது?

பெங்களூரில் 2022-இல் ஆட்டோ சங்கத்தோடு சேர்ந்து வந்த ‘நம்ம யாத்ரி’ என்ற செயலி, கமிஷனுக்குப் பதில் தினக் கட்டணம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் நாளைக்கு அந்தக் கட்டணம் ஏறினால் ஓட்டுநர் ஓட்டுப் போட்டுத் தடுக்க முடியாது. நியூயார்க்கில் 2021-இல் ஓட்டுநர்கள் கூட்டுறவு அமைத்துத் தங்கள் செயலியையே இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. நம் வீட்டுப் பெண்கள் பால் ஊற்றும் சொசைட்டி மாதிரிதான் இதுவும்: பங்கு போட்டவர் கணக்குக் கேட்கலாம், லாபம் வந்தால் ஊற்றின அளவுக்கு போனஸ். இங்கே பாலுக்குப் பதில் சவாரி.

மென்பொருளுக்குக் கோடிக்கணக்கில் எங்கே போவது என்று பயப்படவேண்டாம். நம்ம யாத்ரியின் நிரலே பொதுவில் திறந்து கிடக்கிறது.

‘பாரத் டாக்சி’ என்ற செயலிக்காகப் பல மாநிலக் கூட்டுறவு ஒன்றும் பதிவாகியிருக்கிறது. டெல்லியிலிருந்து வரட்டும். ஆனால் கொல்கத்தா பக்கம் ஹவுராவிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர் ‘சி.எம்.சி.’ என்று மட்டும் போட்டு புக் செய்தால், ஊருக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியா, 2022-இல் வந்த ராணிப்பேட்டை வளாகமா என்று எந்தச் செயலி கேட்கும்? நாம்தான் அரைகுறை வங்காளத்தில் கேட்டு, அப்பாயின்ட்மென்ட் சீட்டை வாங்கிப் பார்த்து வண்டியை எடுக்கிறோம்.

உண்மையான சிக்கல் வேறு. கொல்கத்தாவிலிருந்து வருகிறவர் போனில் ஏற்கெனவே ஒரு செயலி இருக்கும். நம்முடையதை ஏன் இறக்குவார்? அதனால் காந்தி ரோடு லாட்ஜ் வரவேற்பு மேசையில் நம் க்யூஆர் அட்டை இருக்கவேண்டும். செயலி தெரியாதவருக்கு ஒரு போன் நம்பரும் வேண்டும். பெரிய கம்பெனி கொஞ்ச நாள் தள்ளுபடியை அள்ளி வீசும். அப்போது யாரும் கட்சி மாறக்கூடாது. அங்கேதான் சங்கங்கள் வேண்டும், எந்தக் கொடியானாலும் சரி.

எல்லாச் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்காருவோம். நம் கூட்டுறவின் துணைவிதியில் முதல் வரியாக ஒன்று எழுதுங்கள்: ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருந்தாலும், வண்டி ஓட்டுகிறவர்தான் உறுப்பினர். தின வாடகைக்கு ஓட்டும் தம்பிக்கும் பங்கு உண்டு. இல்லையென்றால் பத்து வண்டி வைத்திருப்பவர் கைக்குக் கூட்டுறவு போய்விடும். இதை முடிவு செய்துகொண்டு கூட்டுறவுத் துறை இணைப்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவோம்.

இப்படிக்கு,
காட்பாடி ஸ்டாண்டிலிருந்து ஒரு ஓட்டுநர்