ரெகுலேட்டருக்கு எண்ணெய் விடாதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆசிரியர் நியமனம் வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அக்கரைப்பற்றில் அறுவடை தொடங்கிவிட்டதே, உன் கராஜ் நிறைய வெட்டுமெசின்கள் நிற்கும்.

வெல்டிங் ஒட்சிசன் சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் திருகு இறுகிக் கிடக்கிறது, எண்ணெய் விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். போனில் அவசரமாக "தொடாதே" என்றேன். ஏன் என்று இதில் சொல்கிறேன்.

ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் எரியக்கூடிய எதையும் மூர்க்கமாக எரியவைக்கும். நிறைந்த சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் காஸ் ரெகுலேட்டருக்குள் பாய்ந்து அமுங்கிச் சூடேறும், சைக்கிள் பம்பின் அடி சுடுமே, அதுபோல. உள்ளே ஒரு துளி எண்ணெயோ கிறீஸோ இருந்தால் அந்தச் சூடே போதும், தீக்குச்சி வேண்டாம். வேலை பழகிய காலத்தில் என் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைப் பாஸ் தட்டிவிட்டார், நினைவிருக்கிறதா? அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.

திருகை உள்ளே திருகினால் ஸ்பிரிங் அமுங்கும், டயபிரம் என்ற வளையும் மென்தகட்டைத் தள்ளும், வால்வு திறக்கும். வேலை முடிந்தும் திருகைத் தளர்த்தாமல் விட்டால் ஸ்பிரிங் அமுங்கியபடியே கிடக்கும், திருகின் புரிகளும் அந்தப் பாரத்திலேயே நிற்கும். நம் கரையோர உப்புக்காற்றில் அது இறுகாமல் என்ன செய்யும்?

முதலில் சிலிண்டரை மூடி, குழாயிலுள்ள காஸை வெளியேற்று. இரண்டு மீட்டரும் பூச்சியத்துக்கு வந்த பிறகு திருகை மெல்லத் தளர்த்து. எண்ணெய் படாத புதுத் துணியாலும் உலர்ந்த நைலோன் தூரிகையாலும் புரியைத் துடை. உன் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் குறடு போட்டு மல்லுக்கட்டாதே, கழற்றி வை. ஒட்சிசனுக்கென்றே தனிக் கிறீஸ் இருக்கிறது, ஆனால் அதைப் பூசுவது ரெகுலேட்டரைப் பிரித்துப் பழகியவர்களின் வேலை. கார்பனீரொட்சைட்டு ரெகுலேட்டருக்கு இந்த ஆபத்து இல்லைதான். ஆனாலும் ஒரே கை, ஒரே துணி, ஒரே ஸ்பானர்தானே? அதற்கும் எண்ணெய் வேண்டாம்.

அப்புறம், தங்கச்சியின் அடுப்புக் காஸ் ரெகுலேட்டர் இறுகுகிறது என்றாயே. சிலிண்டர் வாயிலுள்ள றப்பர் வளையத்தில் வெடிப்போ தூசியோ இருக்கிறதா என்று பார். மாட்டிய பிறகு சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று கவனி.

உன் பழைய ரெகுலேட்டரை அடுத்த கிழமை பஸ்ஸில் வரும் தம்பியிடம் கொடுத்துவிடு. அது சரியாகும்வரை என்னிடமுள்ள மற்றதை வைத்துக்கொள், அவனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்