தூரம் ஒன்று, நேரம் இரண்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் எவ்வளவு நேரமாகும் என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, சென்ற இதழில் பதில் போட்டிருந்தீர்கள். தூரம் சுமார் 12,400 கி.மீ., மணிக்கு 900 கி.மீ. வேகம், ஆகவே 14 மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று. தூரம் சரி. நேரத்தை அப்படி வகுத்து எடுக்க முடியாது.

ரயிலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கி.மீ.; போனாலும் வந்தாலும் 33 மணி நேரம் போல ஆகும். (ஜனவரி மூடுபனியில் ஆகும் தாமதத்துக்குத் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.)

பேத்தியின் உலக உருண்டையில், பூ கட்டுகிற நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டி அந்தப் பக்கம் இறங்குகிறது. உங்கள் 12,400 அந்த நூலின் நீளம். விமானம் அதன் மேலேயே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, சான் பிரான்சிஸ்கோ போகும் விமானத்தை மேற்கே போகும் அட்லாண்டிக் வழியிலிருந்து கிழக்கே போகும் பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ., புது வழி 15,300. இவ்வளவு சுற்றியும் பதினாலரை மணி நேரத்தில், முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவாகப் போய்ச் சேர்ந்தது!

எல்லாம் காற்று செய்கிற வேலை. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற மேல்காற்று அடிக்கிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கிழக்கே போகும்போது பெடலில் சும்மா கால் வைத்திருந்தால் போதும். திரும்பும்போது இறங்கித் தள்ள வேண்டும். மகனைப் பார்க்க லண்டன் போனபோது, முன்சீட்டின் முதுகிலிருந்த திரையில் வேகம் 800ஐத் தாண்டவேயில்லை. திரும்பி வருகையில் 1,050 காட்டியது. என்னவோ நானே ஓட்டுவது போல அதையே பார்த்துக்கொண்டு வந்தேன், சாப்பாடு ஆறிப்போனது.

அப்புறம் வழி. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. தில்லியிலிருந்து மேற்கே போகிறவை தெற்கே குஜராத் பக்கம் திரும்பி அரபிக்கடல் மேல் சுற்ற வேண்டியதாயிற்று. வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிப் போயின. ஊரும் ஊரும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

டிக்கெட்டிலோ அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். காலை 4 மணிக்கு ஏறி அதே நாள் காலை 6 மணிக்கு இறங்குவதாகப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரத்துல அமெரிக்காவா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமி. கோடையில் இரண்டு ஊருக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு காபி ஆயிற்று.

அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வந்தால், போக எவ்வளவு, வர எவ்வளவு என்று தனித்தனியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
மயூர் விஹார் வாசகர், புது தில்லி