இடியம்ஸ் நோட்ஸும் வாட்ஸ்அப் கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க முதுநகர் பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல புள்ளைங்களுக்கு இடியம்ஸ் (மரபுத்தொடர்) நோட்ஸ்னு ஜெராக்ஸ் குடுக்குறாங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை வேற. அர்த்தமெல்லாம் பெரும்பாலும் சரிதான், கதைதான் பாதிக்கு மேல வாட்ஸ்அப் சரக்கு. உங்க மாணவர் பக்கத்துலயும் அதே கதை அச்சுல வந்துருச்சு, அதான் எழுதுறேன்.

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னா கொட்டோ கொட்டுன்னு கொட்டுற மழை. அந்தக் காலத்து இங்கிலாந்துல நாயும் பூனையும் கூரை மேல படுத்திருக்குமாம், மழை பேஞ்சா வழுக்கி வீட்டுக்குள்ள விழுமாம். கூரை வீட்டுல வளந்தவங்க யாராச்சும் இத ஒத்துப்பாங்களா சார்? பூனை ஏறும் சரி, நாய் எங்க ஏறுது, தூறல் போட்டாலே திண்ணையில வந்து ஒண்டிக்கும். இது 1999ல ஈமெயில்ல சுத்துன புருடா. ஜோனதன் ஸ்விஃப்ட்னு ஒரு எழுத்தாளர் 1738லயே இந்த சொலவடையை அச்சுல போட்டிருக்காரு, ஆனா ஏன் நாய் பூனைன்னு அகராதிக்காரங்களே இன்னும் முடிவு பண்ணல.

'சேவ்ட் பை தி பெல்'னா கடைசி நேரத்துல தப்பிக்கிறது, அதோட கதை அதவிட மோசம். உயிரோட பொதைச்சவன் சவப்பெட்டிக்குள்ள இருந்து மணி அடிச்சு தப்பிச்சானாம்! அது குத்துச்சண்டை பேச்சுங்க, அடி வாங்கி விழுந்தவன எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரவுண்டு முடியுற மணி அடிச்சிட்டா பொழச்சான், அவ்ளோதான்.

நிஜமான கதை கப்பல்ல நெறைய கெடக்கு. 'பிட்டர் எண்ட்'னா கடைசி எல்லை, நோட்ஸ்ல கசப்பான முடிவுன்னு போட்டிருக்காங்க. கப்பல் தளத்துல நங்கூரக் கயித்த சுத்திக் கட்டுற கட்டைக்கு பிட்ஸ்னு பேரு, கயித்துல கப்பலுக்குள்ளயே நிக்குற பக்கம்தான் பிட்டர்ஸ் எண்ட்னு 1627ல ஜான் ஸ்மித்னு ஒரு கேப்டன் எழுதி வச்சிருக்காரு, கயிறு அதுவரைக்கும் ஓடிட்டா மேல விட ஒண்ணும் கெடயாது. 'டேக்கன் அபேக்'னா திகைச்சுப் போறது, அதுவும் அப்படித்தான், காத்து திடீர்னு முன்னாடியிருந்து அடிச்சு பாய பாய்மரத்தோட அமுக்கிடும், கப்பல் அப்படியே நின்னுடும், இத நம்ம மீனவப் பெரியவங்கள்ட்ட ஒரு வரி சொன்னா போதும், மீதிய அவங்களே சொல்லிடுவாங்க. 'ட்ரூ கலர்ஸ்'னா ஒருத்தரோட உண்மையான குணம், இதுல கலர்ஸ்னா கொடி, வேற நாட்டுக் கொடியக் காட்டி ஏமாத்திக் கிட்ட வந்துட்டு சுடுறதுக்கு முன்னாடி சொந்தக் கொடிய ஏத்துவாங்க.

இந்த மாதிரி பாய்க்கப்பலுங்க நம்ம கடலூருக்கு எதிர்லயே சண்ட போட்டிருக்கு, 1783 ஜூன் 20ல தளபதி ஹியூஸோட 18 இங்கிலீஷ் போர்க்கப்பலும் தளபதி சஃப்ரானோட 15 பிரெஞ்சுக் கப்பலும். அந்த ஜனவரியிலயே ஐரோப்பாவுல சமாதானம் பேசியாச்சு, சேதிதான் இங்க வந்து சேரல. இதையெல்லாம் விட்டுட்டு நாய் பூனைய ஏன் கட்டி அழுவணும்?

மாணவர் பக்கத்துல ஒரு வாரம் கப்பல் இடியம்ஸா மட்டும் படத்தோட போடுங்க, எது மொதல்ல எந்த வருஷம் எழுத்துல வந்துச்சுன்னு அகராதி பாத்து போடுங்க, கெடைக்கலன்னா அர்த்தத்தோட நிறுத்திக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர் முதுநகர்