தை மாசக் கல்யாணமும் உன் நெற்றிச் சுருக்கமும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு நீ அனுப்பிய போட்டோவைக் காலையில்தான் பார்த்தேன். ட்யூப்லைட்டுக்கு நேராக நின்று, வேண்டுமென்றே முகத்தைச் சுளித்து, இரண்டு புருவத்துக்கும் நடுவில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். வட்டத்துக்குள் இருக்கிற இரண்டு கோடுகளுக்கு முன்னால் என் கண்ணில் பட்டது உனக்குப் பின்னால் தொங்குகிற தூளிதான். அம்மாவின் பழைய வாயில் சேலை. அதற்குக் கீழே உன் கேள்வி: "கொழுந்தனார் கல்யாணம் தை கடைசியில. அதுக்குள்ள ஓசூர் போய் இந்தச் சுருக்கம் மறைய போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கிட்டு வந்துடட்டுமா? பால் குடுக்கறேனே, பரவால்லையாக்கா?"

போனில் சொல்லலாமென்றால் உன் வீட்டில் எந்தப் போனும் ஸ்பீக்கரில்தான் பேசும். அதோடு, காவேரிப்பட்டணத்தில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன். இதே கேள்வியைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு உனக்கு முன்னாலேயே சிலர் கேட்டாயிற்று. அதனால் உன் பெயரை விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன். நான் மருந்தாளுநர்தான், டாக்டர் இல்லை. அதையும் மனசில் வைத்துக்கொண்டு படி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம். பால் மறக்கடித்து, அதற்குமேலும் ஓரிரு மாதம் போகட்டும். அப்போதும் அந்தக் கோடு உன்னை உறுத்தினால் நானே கூட வருகிறேன். "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று பேசுகிறவர்கள் கட்சியில் நான் இல்லை. இருக்கவும் முடியாது, நானே போட்டுக்கொண்டவள்.

உனக்கு இது தெரியாது. பெரியவனுக்கு அப்போது ஆறு மாதம். துணி எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு, தனியாகப் பெங்களூருக்குப் பஸ் ஏறினேன். கண்ணாடியும் ஏசியுமாக ஒரு இடம். நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், போன் நம்பர், எடுக்கும் போட்டோக்களை இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்ளச் சம்மதமா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. கர்ப்பமா, பால் கொடுக்கிறாயா என்று ஒரு வரி இல்லை. மருந்துக்கடைக்காரி நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேண்டாமென்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஊசி முடிந்து எழுந்த பிறகுதான் கேட்டேன். அதற்குள் போட்டவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். உதவிக்கு நின்ற பெண் சொன்னாள்: "ஒரு நாளைக்குப் பால் வேணாம் மேடம், பிழிஞ்சு கொட்டிடுங்க."

கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் பிள்ளை புட்டிப்பாலைத் துப்புகிறான், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுகிறான். நான் பாத்ரூமில் உட்கார்ந்து சொம்பில் பிழிந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு வெளியே அம்மா: "பாலை எதுக்குடி கொட்டறே? பிள்ளை தொண்டை கிழியுது." மாத்திரை சாப்பிட்டேன் என்று புளுகினேன். விடியற்காலை மூன்று மணிக்கு என்னால் முடியவில்லை, கொடுத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஒரு வாரம் அவன் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால்கூட மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து என் வலது இமை பாதி இறங்கிக்கொண்டது. அது சரியாவதற்கு நாலு வாரம் ஆனது. கடைக்கு வந்தவர்களெல்லாம் "தூக்கமில்லையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அந்த "ஒரு நாள்" கணக்குக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தில் ஏறி, சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிற மருந்துகளுக்குத்தான் அப்படி மணிக்கணக்குப் பொருந்தும். இது அந்த வகையே இல்லை. போட்ட இடத்தில் நரம்பு முனைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த முனையிலிருந்து தசைக்கு "சுருங்கு" என்று சேதி கொண்டுபோகிற அசிட்டைல்கோலினை வெளியே விடாமல் தடுக்கிறது. தசை ஓய்கிறது, மேலே இருக்கிற தோலும் மடியாமல் நிற்கிறது. மூன்று, நான்கு நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுசாகப் பிடித்து, மூன்று நான்கு மாதத்தில் விட்டுப் போகும்.

இது என்ன பொருள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று சீசன் மாங்கூழ் பேக்டரி லேபில் நின்றவள் நீ. பெங்களூரா மாம்பழக் கூழின் பிஹெச் 4.6-க்குக் கீழே, அதாவது போதுமான புளிப்போடு, இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுவாயே, யாருக்குப் பயந்து எழுதினாய்? கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம். காற்றில்லாத டப்பாவுக்குள் புளிப்புக் குறைவாக இருந்தால் முளைத்து நஞ்சு கக்குகிற அதே கிருமிதான். அந்த நஞ்சைச் சுத்தப்படுத்தி, நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குக் குறைத்து, பொடியாகக் குப்பியில் அடைத்தால் அதுதான் போட்டாக்ஸ். முதலில் மாறுகண்ணுக்கும், இமை தானாக இறுகிக்கொள்கிற நோய்க்கும் மருந்தாகத்தான் வந்தது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1989-இல். கனடாவின் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் டாக்டர் இமை இறுகும் நோய்க்கு ஊசி போட்டு வந்தபோது, ஒரு நோயாளிக்குப் புருவ நடுவில் இருந்த கோடு மறைந்துபோனது. ஜீன் கரதர்ஸின் கணவர் தோல் டாக்டராக இருந்தார். அழகு ஊசியாக இது மாறியது இந்தத் தம்பதியால்தான். புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது 2002-இல்.

சரி, பாலுக்கு வருகிறேன். மூலக்கூறு மிகப் பெரியது. அழகுக்குப் போடுகிற அளவோ சின்னது, புருவ நடுவுக்கு வழக்கமாக ஐந்து இடத்தில் மொத்தம் 20 யூனிட். அது ரத்தத்தில் கலந்து, பாலில் இறங்கி, பிள்ளை வயிற்றையும் தாண்டிப் போக வழி மிகக் குறைவு. உணவில் இந்த நஞ்சு ஏறி மோசமாகப் படுத்துவிட்ட ஒரு தாயின் பாலைச் சோதித்தபோது அதில் நஞ்சு இல்லை, பால் குடித்த பிள்ளையும் நன்றாகவே இருந்தது என்று மருத்துவக் குறிப்பு ஒன்று உண்டு. இதை நம்பித்தான் சில டாக்டர்கள் பாலூட்டும்போதும் போடுகிறார்கள். வேறு சிலர் தொடவே மாட்டார்கள். பாலூட்டுகிற பெண்களை வைத்துப் பெரிய அளவில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பது அவர்கள் நியாயம். இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை. நான் இரண்டாவது தரப்பில் நிற்கிறேன். வலிப்புக்கோ தைராய்டுக்கோ மருந்து என்றால் பால் கொடுத்துக்கொண்டே எப்படிச் சாப்பிடலாம் என்று டாக்டரோடு உட்கார்ந்து வழி தேடலாம், தேடத்தான் வேண்டும். நெற்றிக் கோடு எங்கேயும் ஓடிவிடாது. என்னைப் போல மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிற ஒரு வாரம் உனக்கு எதற்கு?

இன்னொன்று, இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. உனக்கு இன்னும் தீட்டு திரும்பவில்லை என்று போன வாரம் சொன்னாய். தீட்டு வரவில்லை என்பதற்காகக் கரு தங்காது என்று அர்த்தமில்லை. முதல் தீட்டுக்கு முன்னாலேயே முட்டை வெளியாகிவிடும். நம் பெரியம்மா வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் பதினோரு மாதந்தான் வித்தியாசம், ஞாபகமிருக்கிறதா? கர்ப்பத்தில் இந்த ஊசியைப் போடுவதில்லை. அதனால் எப்போது போட்டுக்கொள்ளப் போனாலும் முந்தின நாள் ஒரு கார்டு டெஸ்ட் பார்த்துவிட்டுப் போ. தெரியாமல் போட்டுவிட்டுப் பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால் பதற வேண்டாம், டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் போதும்.

ஆனால் உன்னை நான் நிறுத்துவதற்குப் பெரிய காரணம் பாலும் இல்லை. அந்தப் போட்டோவில் இருப்பது இன்னும் உன் முகமே இல்லை.

ஒன்பதாவது மாதத்தில் உன் முகம் எப்படி இருந்தது? வளைகாப்பு ஆல்பத்தை எடுத்துப் பார். உடம்பில் நீர் கோத்து, கன்னம் பளபளவென்று, ஒரு கோடு கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு அந்த நீர் வடிந்துவிட்டது. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோனும் இறங்கிவிட்டது. பால் கொடுக்கிறவரை அது தாழ்ந்தேதான் இருக்கும், அதனால் தோல் வறளும். முடி கொத்துக்கொத்தாக வருகிறது என்று அழுதாயே, அதுவும் பிரசவமாகி மூன்று நாலு மாதத்தில் வருகிற வழக்கமான கூத்துதான், தானாக நிற்கும். இதற்கெல்லாம் மேலே தூக்கம். ராத்திரி நாலு தடவை எழுந்து, மங்கல் வெளிச்சத்தில் பிள்ளை சரியாகப் பிடித்துக் குடிக்கிறதா என்று புருவத்தை நெரித்துக்கொண்டு பார்க்கிறவளுக்குப் புருவ நடுவில் கோடு விழாமல் என்ன செய்யும்? இந்த நாலு மாத முகத்தைப் பார்த்து யூனிட் கணக்குப் போடுவது, ஆற்றில் வெள்ளம் ஓடும்போது கரையை அளக்கிற கதைதான்.

கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சுளிக்காமல், தளர்வாக விட்டுப் பார். கோடு நிற்கிறதா? நிற்கவில்லையென்றால் அது தசை சுருங்கும்போது மட்டும் வருகிற கோடு, அவசரமே இல்லை. தளர்வாக விட்டும் நின்றால், பால் நிறுத்தி ஓரிரு மாதம் கழித்து அதே இடத்தில், அதே ட்யூப்லைட்டில் மறுபடி ஒரு போட்டோ எடு. பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

"ரெண்டு வருஷம் பால் குடுத்தா ரெண்டு வருஷம் இப்படியேவா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதத்தோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும் என்றுதான் நர்ஸம்மா உனக்கும் சொல்லியிருப்பார். நடுவில் ராத்திரி ஒரு வேளை என்று பால் குறைகிறபோது தோல் டாக்டரிடம் போய்ப் பேசலாம், அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யலாம். ஊசிக்காகப் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவிப் பாலை நிறுத்துகிற வேலை மட்டும் வேண்டாம்.

அதுவரைக்கும் ஒரு மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு இருக்கிற சன்ஸ்கிரீன், போதும். கன்னத்து மங்குக்கு உன் ஓரகத்தி ஏதோ ட்யூப் சொன்னாளாமே, மூன்று மருந்து கலந்தது, அதில் ஸ்டீராய்டு உண்டு. சீட்டு இல்லாமல் என் கடையிலேயே வந்து கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. மாதக்கணக்கில் பூசினவர்களின் கன்னம் எப்படிச் சிவந்து மெலிந்துபோகிறது என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

போகிற காலம் வரும்போது பியூட்டி பார்லரில் உட்காராதே. தோல் டாக்டர் தன் கையால் போட வேண்டும். குப்பியை உன் கண் முன்னால் உடைக்கச் சொல், பேட்ச் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள், குளிர்பெட்டியில் இருந்து வருகிறதா என்று பார். பழைய குப்பியில் மிச்சம் இருக்கிறது, விலை குறைவு என்றால் எழுந்து வந்துவிடு. முதல் தடவையை எந்த விசேஷத்துக்கும் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். என் இமை இறங்கின மாதிரி உன் இமை இறங்கினால் கல்யாண ஆல்பம் முழுக்க ஒற்றைக் கண்ணோடு நிற்பாய். அந்த ஒரு காரணத்துக்கே தை மாசம் கதைக்கு ஆகாது. போட்ட பிறகு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால், அது அபூர்வம்தான், ஆனாலும் நேராக ஆஸ்பத்திரி.

கடைசியாக ஒன்று. உண்மையில் இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். உன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூளிக்குப் பின்னால் அலமாரியில், கிரைப்வாட்டர் பாட்டிலுக்குப் பக்கத்தில், அஞ்செட்டிப் பக்கமிருந்து உன் மாமனார் வாங்கி வந்த தேன் பாட்டில். பிறந்த அன்றைக்குச் சேனை வைத்தபோதே எனக்குச் சொல்லத் தோன்றியது, அத்தனை பேர் நடுவில் வாய் வரவில்லை. அதே போட்டுலினம் கிருமியின் விதைத்துகள் தேனில் இருக்கலாம். நீ, நான் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் குடலில் அது முளைத்து, உள்ளேயே நஞ்சைச் சுரக்க முடியும். மலச்சிக்கலில் ஆரம்பித்து, அழுகை ஈனமாகி, தலை நிற்காமல் துவண்டு, மூச்சு வரைக்கும் போகும். அடிக்கடி வருகிற நோய் இல்லை, வந்தால் சின்ன விஷயமும் இல்லை. காய்ச்சினாலும் அந்த விதை சாகாது என்று லேபில் நின்ற உனக்கே தெரியும். உன் நெற்றி ஊசியிலிருந்து பாலுக்கு வருமா என்று கேட்ட அந்த நஞ்சுக்கு உன் வீட்டில் நேர்வழி இந்தப் பாட்டில்தான்.

உன் மாமியார் இருமலுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைக்கிறாராமே. சண்டை போடாதே. மருந்துக்கடை அக்கா சொன்னாள், ஒரு வயசு வரைக்கும் கூடாதாம் என்று என் பேரைச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருகிறேன், நானே அவரிடம் பேசுகிறேன். நான் வருவதற்குள் அந்தப் பாட்டிலை எடுத்துப் பரண் மேல் வைத்துவிடு.

உன் அக்கா